அடைக்கோழியும் கொசுவத்தியும்

கொசு நம்மை மட்டும்தான் கடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "கோழிக்குத்தான் இறகு இருக்கே, எப்படிக் கடிக்கும்?" என்று என் தோழியே கேட்டாள். இறகு இல்லாத இடமாகப் பார்த்துக் கடிக்கும். கொண்டை, தாடி, கண் இமை. 1898இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமி கொசு வழியாகப் பரவுகிறது என்று நிரூபித்ததே பறவைகளை வைத்துத்தான்!

எங்கள் வீட்டில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். போன வருஷம் மழைக்குப் பிறகு குஞ்சுகளுக்கு அம்மை கண்டது. கண்ணைச் சுற்றிக் கொப்புளம் வந்து, பொருக்குத் தட்டி, கண் மூடிக்கொண்டது. கண் தெரியாத குஞ்சு எப்படி இரை பொறுக்கும்? ஏழு குஞ்சில் இரண்டுதான் மிஞ்சியது. முட்டை விற்ற காசில்தான் எனக்கு நோட்டு வாங்குவார்கள், அதுவும் அந்த வருஷம் இல்லை. (நமக்கு வரும் சின்னம்மை வேறு, கோழி அம்மை வேறு. இதைக் கோழிக்குக் கோழி கொண்டுபோவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு.)

அதனால் இந்த வருஷம் அப்பத்தா உஷாராகிவிட்டது. கருப்புப் பெட்டையை 11 முட்டையில் அடை வைத்த அன்றே, கூடைக்குப் பக்கத்தில் கொசுவத்தியைப் பொருத்தி வைத்து, பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு மூடப் பார்த்தது. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, நமக்கு ஒத்துக்கிறது கோழிக்கு ஒத்துக்காதா?"

ஒத்துக்காது. கோழிக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. புகை நம்மைவிட அதைச் சீக்கிரம் பாதிக்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி என்ற சின்னப் பறவையைக் கூண்டில் கொண்டுபோவார்கள். விஷவாயு இருந்தால் மனிதனுக்குத் தெரியும் முன்னே அது மயங்கி விழுந்துவிடும். இதைச் சொன்னதும் அப்பத்தா, "கேனரியாவது கூனரியாவது" என்றது. பிறகு நான் கேட்டேன்: "அப்பத்தா, புகை அதிகமானா நீ எந்திரிச்சுத் திண்ணைக்குப் போயிடுவ. அது முட்டைய விட்டுட்டு எந்திரிக்குமா?"

அப்பத்தா பேசவில்லை. கொசுவத்தியை எடுத்து வாசல் பக்கம் வைத்தது.

வேப்பிலைப் புகை போடலாமே என்று கேட்பீர்கள். மூடின இடத்தில் எந்தப் புகையும் புகைதான். கரண்டில் செருகும் மருந்தில் புகை தெரியாது, ஆனால் அந்த மருந்தும் காற்றில்தான் கலக்கிறது. உடைந்த கொசுவத்தித் துண்டைக் கீழே போட்டாலும் ஆபத்து, கோழி எதையும் கொத்திப் பார்க்கும். கொசு வராமல் இருக்கக் கையில் களிம்பு தடவியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முட்டையைத் தொட வேண்டும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் குஞ்சு அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

நாங்கள் செய்தது சின்ன வேலைதான். கிழிந்த கொசுவலையைத் தைத்துப் பஞ்சாரத்தின் மேலே போர்த்தினோம். வலை கோழிமேல் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வெளியிலிருந்தே கடித்துவிடும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. கொசு முட்டை சட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அம்மைக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, இறக்கை மடிப்பில் குத்துவார்கள். குஞ்சு கொஞ்சம் பெரிதானதும் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போக வேண்டும்.

21 நாளில் பொரிக்கும். இன்றைக்கு 17ஆம் நாள். முதலில் வரும் குஞ்சு எனக்குத்தான் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறது. சேவலாக இருந்தால் மட்டும் அய்யனாருக்காம்.