எதிர்த்தரப்பு மாமா!
உங்க அம்மா தனியார் ஸ்கூல் டீச்சரா? அப்ப இது உங்களுக்குத்தான் பாஸ்!

எதிர்வீட்டு வக்கீல் மாமா, எப்பவும் நிர்வாகத் தரப்புக்குத்தான் ஆஜராவார். கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களும்தான் அவர் கட்சிக்காரங்க. இருபத்திரண்டு வருஷம் பாடம் எடுத்துட்டு ஓய்வு பெற்ற அம்மாவுக்கு ஸ்கூல் கிராஜுவிட்டி தரலை. மெக்கானிக்கல் படிக்கிற எனக்குச் சட்டம் தெரியாது, கோபம் தெரியும். நேரா போய், ‘‘உங்களுக்கு மனசாட்சியே இல்லையா அங்கிள்?’’னு கேட்டுட்டேன்.

அவர் கோபப்படலை. ‘‘டீச்சருக்கு கிராஜுவிட்டி கிடையாதுன்னு 2004-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு. 2009-ல சட்டத்தைத் திருத்தி, 1997-லேர்ந்தே உண்டுன்னாங்க. எதிர்த்துப் போன ஸ்கூல்கள் 2022-ல தோத்தாச்சு. இப்ப என்கிட்ட வர்ற நிர்வாகத்துக்கு, ‘கேஸ் நிக்காது, பணத்தைக் கொடுத்துடுங்க’ன்னுதான் சொல்றேன். அதெல்லாம் கோர்ட்டுக்கே வராது. அதனால உனக்குத் தெரியலை’’ என்றார்.

‘‘நீ படிச்ச ஸ்கூலாச்சே’’னு தயங்கினாங்க அம்மா. விண்ணப்பத்தை நானே டைப் பண்ணினேன். கை கொஞ்சம் நடுங்குச்சு. ஆனா, அனுப்பிட்டோம்.

நீங்க உங்க அம்மாகிட்ட கேட்டாச்சா?