மலைவீட்டு விருந்து

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உயிரியல் பூங்காவையும் அருவியையும் காணப் பலர் வருவர். மலைமேல் மலையாளிப் பழங்குடியினர் சாமை பயிரிட்டு வாழ்கின்றனர்.

எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவரும் பெரியவர் அழைக்கவே, அப்பாவுடன் அங்கே ஒருநாள் விருந்தாளியானேன். பிள்ளைகள் ஐவர் என்னைச் சூழ்ந்துகொண்டு, என் பேச்சைக் கேட்டுச் சிரித்தனர். தமிழே பேசினாலும் அவர்களுக்கு நான் வேற்றூர்க்காரி!

சாமைச் சோற்றுடன் எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே முட்டை வைத்தார்கள். கடைக்குட்டி அதையே கண்கொட்டாமல் பார்த்தாள். பாதியை நீட்டினேன். “நீ விருந்தாளி, தின்னுக்கா” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தனக்கு ஆசையானதைப் பிறர்க்குத் தருவதே விருந்தோம்பல் என்று அச்சிறுமியிடம் கற்றேன். அவள் நம் ஊருக்கு வந்தால் நாம் என்ன பரிமாறுவோம், தோழியரே?