தங்கமணியும் தலைநகரத்துக் குளிரும்

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீசில் ஆணி அதிகம். ஆணின்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது, இந்தப் பதிவே அந்த ஆணியைப் பத்தினதுதான். ஆனா மேலுக்கு டெல்லிப் பயணக்கட்டுரை மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுமையாப் படிங்க :-)

எங்க ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டில் இருக்கு. பஸ்ல கொஞ்சம் கண் அசந்தா தாண்டிப் போயிடுவீங்க. தங்கமணிக்கு விருத்தாசலம். எங்க பக்கத்துல விருத்தாசலம்னா ரெண்டு விஷயம் சொல்வாங்க. ஒண்ணு, அஞ்சு கோபுரம், அஞ்சு கொடிமரம்னு எல்லாத்தையும் அஞ்சஞ்சா வச்சிருக்கிற பழமலைநாதர் கோயில். இன்னொண்ணு பீங்கான். அகல் விளக்கு, கொலு பொம்மை, பியூஸ் கேரியர்னு உங்க வீட்டுக்கே எங்க ஊர் மண்ணு ஏதோ ஒரு உருவத்துல வந்திருக்கும். மாமனார் அந்தத் தொழில்லதான் இருந்தார். அத்தை பொம்மைகளுக்குக் கண்ணு எழுதுவாங்க. இந்த விவரம் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்குங்க.

கல்யாணம் 2022 தை மாசம். எனக்கு வேலை சென்னையில. தங்கமணி விருத்தாசலத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர், எங்க அப்பா அம்மாவோட மங்கலம்பேட்டை வீட்டுல இருந்து போயிட்டு வந்துக்கிட்டிருந்தாங்க. நான் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஊருக்கு வந்து, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பிப் போற வாராந்திர மாப்பிள்ளை. அதுலயும் மூணு வாரத்துக்கு ஒருமுறை வீக்கெண்ட் சப்போர்ட். இஞ்சினியரிங் படிச்ச புத்தி சும்மா இருக்குமா, ஒரு நாள் பஸ்ல உக்காந்து கணக்கு போட்டேன். ஏறக்குறைய ரெண்டு வருஷத்துல நாங்க சேர்ந்து இருந்தது, பண்டிகை லீவையும் சேர்த்து, நூத்தம்பது நாள் கூட தேறலை. அதை தங்கமணிகிட்ட சொல்லலை. சொல்லித் தெரிய வேண்டிய கணக்கும் இல்லை.

"தாம்பரம் பக்கம் ஒரு பிளாட் புக் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்"ங்கிறது என்னோட ஸ்டாண்டர்ட் பதில். வீடு, லோன், அப்புறம் நீ வேலையை மாத்திக்கிட்டு வந்துடு. தங்கமணி தலையாட்டுவாங்க. எந்தப் பக்கமா ஆட்டினாங்கன்னு நான் கவனிச்சதில்லை.

2023 டிசம்பர்ல அரையாண்டு லீவு விட்டதும் அவங்களே ஆரம்பிச்சாங்க. "ஏங்க, ஒரு தடவையாவது எங்கயாச்சும் போலாங்க. டெல்லி போலாம். அஞ்சாம் வகுப்புக்கு செங்கோட்டையைப் பத்தி வருஷா வருஷம் சொல்றேன், நான் பார்த்ததே இல்ல."

டீக்கடையில விஷயத்தைச் சொன்னதும் ஊரே சிரிச்சுது. நம்மூர்ல மார்கழியில இருபது டிகிரிக்கே மங்கி குல்லா போட்டுக்கிட்டு, மப்ளரைச் சுத்திக்கிட்டுத் திரியிற ஜனம். "தம்பி, குளிருக்கு ஊட்டி போவாங்க, சரி. டெல்லியில என்னப்பா இருக்கு, பார்லிமெண்டா?"

சென்ட்ரல்ல ராத்திரி ஏறினோம். வழியில பனி. டெல்லி நெருங்க நெருங்க ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சு. அந்த வாரம் டெல்லி முழுக்கக் கடும் மூடுபனி; ரயில், விமானம் எல்லாமே தாமதம். எங்க வண்டியும் அஞ்சு மணி நேரம் லேட். கரோல் பாக்ல ஒரு லாட்ஜ். ரூம்ல ஹீட்டர் இருந்துச்சு, ரெண்டு கம்பியில ஒரு கம்பிதான் சிவந்துச்சு. மூணு ரஜாய் போத்திக்கிட்டும் பல்லு டைப்ரைட்டர் மாதிரி அடிச்சுது. அவ்வ்வ்...

மறுநாள் மெட்ரோவைப் பிடிச்சு குதுப்மினார். டெல்லி மெட்ரோ 2002 டிசம்பர் 24-ம் தேதி ஓட ஆரம்பிச்சுது, எட்டு கிலோமீட்டர் சொச்சத்துல. அதுவும் ஒரு குளிர்காலம்தான். மினார் எழுபத்தி ரெண்டரை மீட்டர் உயரம். நாங்க போன காலையில பாதி மினார்தான் தெரிஞ்சுது, மீதி பனிக்குள்ள. தங்கமணி, "பாதி டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்க"ன்னாங்க. நமக்கு அதைவிட அந்த இரும்புத் தூண்தான். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல எடை, ஆயிரத்து அறுநூறு வருஷமா மழையில வெயில்ல நிக்குது, துரு தின்னலை. அது ஏன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதினவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். அந்தக் காலத்து உலையில எடுத்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம், அது மேற்பரப்புல மெல்லிசா ஒரு படலமாப் படிஞ்சு, உள்ள இருக்கிற இரும்பைக் காப்பாத்துதுன்னு விளக்கினார். 2009-ல காலமாயிட்டார். இதையெல்லாம் நான் விலாவாரியா விளக்க, தங்கமணி கேட்டது ஒரே கேள்வி. "எங்க அப்பா கிளேஸ் பூசறதும் அதானேங்க? மேல ஒரு படலம், உள்ள இருக்கிற மண்ணைக் காப்பாத்தும்." நாலு வருஷம் மெட்டலர்ஜி பக்கத்து பில்டிங்கில் படிச்சவனுக்கு அது தோணலை பாருங்க.

சாயங்காலம் ஆர்.கே.புரம் மலை மந்திர். சுவாமிநாத சுவாமி. குன்று மேல நம்மூர் கோபுரம், வாசல்ல தமிழ்ப் பேச்சு. ரெண்டு நாளா "கித்னா", "நஹி"ன்னு ரெண்டே வார்த்தையில ஓட்டிக்கிட்டிருந்த எனக்கு அந்த விபூதி வாசனையில பாதி குளிர் விட்டுப்போச்சு.

மூணாம் நாள் பழைய டெல்லி. சாந்தினி சௌக்ல காலையில தௌலத் கி சாட்னு ஒண்ணு விக்கிறாங்க. பேரைப் பார்த்து பேல்பூரி மாதிரின்னு நினைக்காதீங்க. பாலைக் கடைஞ்சு கடைஞ்சு எடுத்த நுரை, மேல குங்குமப்பூ, கோவா, சர்க்கரை. குளிர்காலத்துல மட்டும்தான் கிடைக்கும், வெயில் ஏறினா நுரை அடங்கிடும். வாயில வச்சா இருக்கிறதும் தெரியலை, போறதும் தெரியலை. "நீங்க ஊருக்கு வர்ற மாதிரி இருக்குங்க" அப்படின்னாங்க தங்கமணி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நானும் சிரிச்சேன்.

செங்கோட்டை முடிச்சு, தில்லி ஹாட். அங்க குர்ஜா பீங்கான் கடை. குர்ஜா உத்தரப்பிரதேசத்துல இருக்கு, வடக்கத்தி விருத்தாசலம்னு வச்சுக்குங்க. கடைக்காரர் ஹேண்ட்மேட், ஹேண்ட்மேட்னு ஒரு ஜாடியைக் காட்டினார். தங்கமணி அதை வாங்கி, பூவைப் பார்க்கலை, கவுத்து அடியைப் பார்த்தாங்க. விரலால பக்கவாட்டுல தடவிட்டு, "அச்சுல ஊத்தினது. கோடு தெரியுது பாருங்க. மண்ணைக் கரைச்சு பிளாஸ்டர் அச்சுல ஊத்துவாங்க, அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும், ஓரத்துல கெட்டியா நிக்கிறதுதான் ஜாடி. பூ மட்டும் கையால போட்டது." பாஷையே தெரியாம, கோட்டைக் காட்டிக் காட்டியே பேரம் பேசி நானூறு ரூபாய் ஜாடியை இருநூத்தி இருபதுக்கு முடிச்சாங்க. கடைக்காரர் கடைசியில டீ வாங்கிக் கொடுத்தார். தொழில் தெரிஞ்ச ஆளுக்குத் தர்ற மரியாதை!

நாலாம் நாள்தான் மேட்டர்.

காலையில புரானா கிலா. உள்ளே ஷேர் மண்டல்னு செம்மண் நிறத்துல எட்டுப் பட்டையா ஒரு ரெண்டு மாடிக் கட்டடம். ஹுமாயூன் அதை நூலகமா வச்சிருந்தார். 1556 ஜனவரியில, இதே மாதிரி ஒரு குளிர்காலத்துல, தொழுகை அழைப்பைக் கேட்டு மண்டியிடப் போனவர், அங்கி காலைத் தடுக்கி, செங்குத்தான படியில உருண்டு, ரெண்டு மூணு நாள்ல இறந்துட்டார். இதை தங்கமணிக்குச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே போன். வருஷக் கடைசி ரிலீஸ், ஏதோ உடைஞ்சு போச்சு. லீவுன்னு சொல்லிட்டுதான் வந்தேன், ஆனா லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டுதான் வந்தேன். அது என் தப்பு. புல்தரையில உக்காந்து திறந்தவன் நிமிர்ந்தப்ப ரெண்டரை மணி நேரம் போயிருந்துச்சு. தங்கமணி கொஞ்சம் தள்ளி ஒரு கல்லு மேல, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ரெண்டு தொன்னையில வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒண்ணு காலி. எனக்கு வாங்கினது ஐஸ் மாதிரி ஆறிப்போயிருந்துச்சு. ஒண்ணுமே சொல்லலை. திட்டியிருந்தா தேவலை.

மதியத்துக்கு மேல ஹுமாயூன் கல்லறை. உள்ளே போனதும் வலது கைப்பக்கம் ஈசா கான் கல்லறை. 1547-48-ல கட்டினது, ஹுமாயூன் கல்லறையை விட இருபது வருஷம் மூத்தது. ஈசா கான் யாருன்னா, ஹுமாயூனை நாட்டை விட்டே துரத்தின ஷேர் ஷாவோட ஆள். எதிரிங்க ரெண்டு பேரும் இப்ப ஒரே டிக்கெட்ல :-)

அதுல அங்கங்க நீல ஓடு ஒட்டிக்கிட்டு இருக்கு. தங்கமணிக்கு அப்பதான் முகம் தெளிஞ்சுது. "இந்த வெளிர் நீலம் செம்பு, அந்தக் கரு நீலம் கோபால்ட்டுங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் அங்க படிச்சதைச் சொன்னேன். இந்த ஓடு செய்யிற வித்தையே டெல்லியில அத்துப்போச்சாம். ஆகா கான் அறக்கட்டளை 2013-ல முடிச்ச பெரிய புதுப்பிப்பு வேலைக்காக, உஸ்பெகிஸ்தான்லேர்ந்து கைவினைஞர்களை வரவழைச்சு, பக்கத்து நிஜாமுதீன் குடியிருப்புப் பசங்களுக்குக் கத்துக்கொடுத்து, பழைய ஓட்டுக்குப் பொருந்துற ஓடு கிடைக்கிற வரைக்கும் சுட்டுச் சுட்டுப் பார்த்தாங்களாம். "சூளை அப்படித்தாங்க. அப்பா ஒரு கலருக்கு ஒரு வருஷம் அலைஞ்சிருக்காரு"ன்னாங்க.

அப்புறம் பெரிய கல்லறை. சிவப்பு மணற்கல்லும் வெள்ளைப் பளிங்குமா, தாஜ்மகாலுக்குத் தாத்தா மாதிரி. பனியும் சாயங்கால வெயிலும் கலந்து மஞ்சளா இருந்துச்சு. படியில உக்காந்தோம்.

"இதை யாருங்க கட்டினது?"

"அவரோட மூத்த சம்சாரம் பேகா பேகம்னு சொல்றாங்க. ஹஜ் போயிட்டு வந்ததால ஹாஜி பேகம்."

"அவங்க புருஷனோட எத்தனை வருஷம் இருந்திருப்பாங்க?"

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். 1539-ல சௌசாவுல ஷேர் ஷாகிட்ட ஹுமாயூன் தோத்தார், இவங்க எதிரி கையில சிக்கினாங்க, அவர் மரியாதையாத் திருப்பி அனுப்பினார். மறு வருஷம் திரும்பவும் தோத்து, ஹுமாயூன் சிந்து, பாரசீகம், காபூல்னு பதினஞ்சு வருஷம் அலைச்சல். 1555-ல டெல்லியைத் திரும்பப் பிடிச்சார். அடுத்த ஜனவரியில படியில விழுந்தார். அவ்வளவுதான். பேகா பேகமும் இங்கேயேதான் அடக்கமாகியிருக்காங்க.

தங்கமணி கொஞ்ச நேரம் கட்டடத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மெதுவா, "அப்ப காத்துக்கிட்டிருந்ததுதான் மிச்சம். இருக்கும்போது கூட இருக்க முடியலை, போனப்புறம் இம்மாம் பெரிய வீடு" அப்படின்னாங்க.

நான் ஒண்ணும் சொல்லலை.

"ஏங்க, எனக்கு தாம்பரம் பிளாட் வேணாங்க. இருபது வருஷ லோன். அதைக் கட்டறதுக்கு நீங்க இன்னும் ஓடுவீங்க. வாடகை வீடோ, நம்ம ஊரு வீடோ, ராத்திரி சோறு போட்டா சாப்பிட ஆள் இருக்கணும். அவ்ளோதான் நான் கேக்கிறது."

அழலை. சத்தமும் போடலை. நான் கிழங்கைப் பத்தி மன்னிப்பு கேட்டேன். "கிழங்கு போனா போவுது"ன்னாங்க.

ரயில்ல திரும்பும்போது தூக்கமே வரலை. பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கறதா பேசி வச்சிருந்தவருக்கு நாக்பூர் தாண்டி சிக்னல் கிடைச்சதும் வேணாம்னு மெசேஜ் அனுப்பினேன். ஜனவரியில மேனேஜர்கிட்ட போய் நின்னேன். மாசத்துல ரெண்டு வாரம் ஊர்லேர்ந்து வேலை பாக்கறேன், வீக்கெண்ட் சப்போர்ட்லேர்ந்து எடுத்துடுங்கன்னேன். முதல்ல முடியாதுன்னார். மூணாவது தடவை சரின்னார். அந்த வருஷ அப்ரைசல்ல அது தெரிஞ்சுது, ஹிஹி. எங்க அப்பாவுக்கு பிளாட் விஷயத்துல இன்னும் கோபம் தீரலை. "எல்லாரும் மெட்ராஸ்ல வீடு வாங்கறான், நீ மெட்ராஸ்லேர்ந்து வீட்டுக்கு வர்றே"ன்னார்.

முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மீதி ரெண்டு வாரம் இன்னும் மேன்ஷன் வாழ்க்கைதான். ஆனா இந்தப் பதிவை மங்கலம்பேட்டை வீட்டுத் திண்ணையில உக்காந்து அடிக்கிறேன். கரண்ட் போயிடுச்சு, இன்வெர்ட்டர் ஓடுது. பக்கத்துல அந்த குர்ஜா ஜாடியில என் பேனா, தங்கமணியோட சிவப்பு மை பேனா எல்லாம் கிடக்கு. உள்ளேருந்து "சாப்பிட வாங்க"ன்னு ரெண்டாவது தடவை குரல் வந்தாச்சு. மூணாவது தடவைக்கு முன்னாடி போயிடணும்.

டிஸ்கி: அடுத்த குளிருக்கு எங்க போலாம்னு யோசனை இருந்தா சொல்லுங்க மக்களே. லேப்டாப் வராது.