அப்பியா சாலையும் ஒரு வெறுங்கால் ஓட்டமும்

பழைய நகரங்களினூடாக ஓடுவதைப் பற்றிப் பயணக் கட்டுரைகளில் எழுதப்படுபவை பெரும்பாலும் அலுப்பூட்டுபவை. ஆலிவ் தோப்பு, வரிசையாக சைப்ரஸ் மரங்கள், தொலைவில் ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு, சூரியோதயம். அவ்வளவுதான். ஓடுகிறவனின் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரியும் இராது. நெடுந்தூரம் ஓடும் பழக்கமுள்ள நாங்கள் இருவரும், வாய்ப்புக் கிட்டியபோதெல்லாம் மத்தியதரைக் கடலோர ஊர்களில் ஓடிப் பார்த்திருக்கிறோம். லூக்கா நகரின் கோட்டை மதில் (மேலே அகலமான பாதை, மரநிழல், நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான சுற்று) ஓடுவதற்கென்றே கட்டப்பட்டதோ எனத் தோன்றும். ஆனால் அதைப் பற்றி எழுத எங்களுக்கு அதிகம் ஏதுமில்லை. சுகமாக ஓடினோம், அவ்வளவே. எழுத வேண்டும் என்று எங்களை உறுத்திக்கொண்டிருப்பது, சுகமாக ஓட முடியாத ஒரு பாதை. ரோம் நகரிலிருந்து தென்கிழக்கே செல்லும் பழைய அப்பியா சாலை.

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மாலை ரோமில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. காம்பிதோலியோ குன்றடியில் தொடங்கி, புறநகர் வழியே சுற்றி, இருள் கவிந்தபின் அப்பியா சாலை வழியாக நகருக்குத் திரும்பி, கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவின் கீழ் முடிந்தது. ஒலிம்பிக் அரங்கில் தொடங்காமலும் முடியாமலும் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் அதுவே. வழியில் படைவீரர்கள் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். தம் பேரரசின் இடிபாடுகளை உலகுக்கு ஒளியேற்றிக் காட்டுவதே பாதையை வகுத்தவர்களின் நோக்கமாயிருந்தது என்பது எங்கள் எண்ணம். வென்றவர் எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த அபெபே பிக்கிலா. நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. காலில் காலணி இல்லை. அந்த எத்தியோப்பியாவைத்தான் 1935இல் இத்தாலி படையெடுத்துச் சென்று பிடித்தது. அப்போது பிக்கிலா மூன்று வயதுக் குழந்தை.

நாங்கள் அந்தப் பாதையின் கடைசிப் பகுதியைத் தலைகீழாக ஓடினோம். அவர் முடித்த இடத்தில் தொடங்கி, அவர் வந்த திசையை நோக்கி. அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். வளைவிலிருந்து ஓட ஆரம்பித்து மூச்சு சீராவதற்குள்ளாகவே கப்பேனா வாயில் என்றழைக்கப்படும் சதுக்கம் வந்துவிடும். கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் அதிகாரி போட்ட சாலை இந்த வாயிலில்தான் தொடங்கியது. இதே சதுக்கத்தில்தான் எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து 1937இல் பெயர்த்தெடுத்து வரப்பட்ட கல்தூணை முசோலினியின் அரசு நிறுத்திவைத்தது. இருபத்துநான்கு மீட்டர் உயரம். நூற்றைம்பது டன்னுக்கு மேல் எடை. பக்கத்திலேயே ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கான அமைச்சகத்திற்கென எழுப்பிய பெரிய கட்டடம். (பசியைப் போக்க உழைக்கும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு இன்று அதில் இயங்குகிறது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?)

பிக்கிலாவும் அவருடைய பயிற்சியாளர் ஓனி நிஸ்கனென் என்ற சுவீடன்காரரும் பந்தயத்துக்கு முன்பே பாதையைப் பார்வையிட்டு, தூண் நிற்கும் இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. கடைசி ஐந்நூறு மீட்டர் அளவில் அவர் விசையைக் கூட்டி, கூடவே வந்த மொராக்கோ வீரரைப் பின்னுக்குத் தள்ளினார். தூணைத் திருப்பித் தருவதாக 1947ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கையிலேயே இத்தாலி ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அது மூன்று துண்டுகளாக விமானமேறியது 2005இல்தான். அக்சுமில் மீண்டும் நிமிர்ந்து நின்றது 2008இல். நாங்கள் கடந்தபோது சதுக்கத்தில் வாகனங்கள் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தன. இல்லாத ஒன்றைப் பார்ப்பதற்காக ஓட்டத்தை நிறுத்தியது எங்களுக்கு அதுவே முதல்முறை.

செபாஸ்தியன் வாயிலைக் கடந்த பிறகு வரும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பற்றி நல்லதாக ஏதும் சொல்வதற்கில்லை. இருபுறமும் உயர்ந்த மதில்கள், நடைபாதை கிடையாது, கார்கள் முழங்கையை உரசிச் செல்லும். இந்தப் பகுதியில்தான் 'குவோ வாதிஸ்' தேவாலயம் இருக்கிறது. ரோமில் துன்புறுத்தலுக்கு அஞ்சித் தப்பியோடிய பேதுரு இவ்விடத்தில் இயேசுவைக் கண்டு, எங்கே செல்கிறீர் எனக் கேட்டதாக மரபு. உள்ளே சலவைக்கல்லில் பதிந்த இரு பாதங்கள். அது நகல், மூலம் சற்றுத் தள்ளி, புனித செபாஸ்தியன் ஆலயத்தில் இருக்கிறது. அக்கல் கிறித்தவத்திற்கு முந்தையது, பயணம் நலமாக முடிந்ததற்காக யாரோ செலுத்திய நேர்த்திக்கடன் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எங்களுக்கு இரண்டு விளக்கங்களுமே பிடித்திருந்தன. ஓடிவந்தவன் எவனோ நின்று, தன் பாதத்தைக் கல்லில் விட்டுச்சென்றிருக்கிறான்.

சிசிலியா மெட்டெல்லா என்ற சீமாட்டியின் வட்டவடிவக் கல்லறைக்கு அப்பால் சாலையின் முகமே மாறிவிடுகிறது. மதில்கள் விலகி, குடைபோல் விரிந்த ஊசியிலை மரங்களும் புல்வெளிகளும் உடைந்த கல்லறைகளும் வரத் தொடங்கும். பயணக் கட்டுரைக்காரர்கள் குறிப்பிடும் அழகெல்லாம் இங்கேதான். கால்களுக்கோ, இங்கேதான் தண்டனை. ஆல்பன் மலையின் எரிமலைக் குழம்பு ஒரு காலத்தில் இக்கல்லறை நிற்கும் இடம்வரை ஓடிவந்து உறைந்திருக்கிறது. அந்தக் கல்லைப் பலகைகளாக வெட்டிச் சாலையில் பதித்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளில் ஓரங்கள் மழுங்கி, ஒவ்வொரு கல்லும் ஆமை முதுகாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கணுக்கால் சிக்கும் அளவுக்குப் பள்ளம். சில இடங்களில் வண்டிச் சக்கரங்களின் தடம். ஓடுகிறவர்கள் எல்லோரும் சாலையை விட்டிறங்கி ஓரத்து மண்பாதையைப் பற்றிக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். கி.மு. 71இல், ஸ்பார்ட்டகஸின் கலகம் அடக்கப்பட்ட பின், பிடிபட்ட ஆறாயிரம் அடிமைகளைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை இதே சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். இச்செய்தி தெரிந்தபின் ஊசியிலை மரங்களின் அழகு வேறுவிதமாகத் தெரிகிறது.

கல்பாவிய ஓரிடத்தில் எங்களில் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தும் ஓடியும் பார்த்தார். நூறடி இருக்கும். எதிர்பார்த்ததற்கு மாறாக, வெறுங்காலுக்கு அந்தக் கற்கள் அவ்வளவு பகையாயில்லை. விரல்கள் விளிம்பைத் தடவி அறிந்துகொள்கின்றன. தடித்த அடிப்பாகத்துக் காலணிக்குள் பாதம் குருடாகிவிடுகிறது. வலித்தது, ஆனால் இடறவில்லை. அவர் பத்து வயதுவரை செருப்பில்லாமல் பள்ளிக்கு நடந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிக்கிலாவின் வெறுங்காலைப் பற்றி மேற்கே எழுதப்பட்டவற்றில் ஒரு வியப்பு தொனிக்கும், கானகத்து மனிதன் நாகரிகத்தின் கல்தரையில் ஓடிவந்து வென்றான் என்பதுபோல. எங்களால் அந்த வியப்பில் கலந்துகொள்ள முடிந்ததில்லை. செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கலாகாது என ஒரு சாராரைத் தடுத்து வைத்திருந்த நாட்டிலிருந்து சென்றவர்கள் நாங்கள். எங்களில் ஒருவரின் தாத்தா, மேலத்தெருவைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே நடந்தவர். வெறுங்கால் என்பது எங்களுக்கு இயற்கையின் அடையாளமன்று. யாருடைய உத்தரவால் வெறுங்கால் என்பதே கேள்வி. பிக்கிலாவின் செய்தியில் எங்களை ஈர்ப்பது மிகச் சாதாரணமான ஒன்று. ரோமில் வாங்கிய புதுக் காலணி பொருந்தவில்லை, கொப்புளம் கண்டது. வெறுங்காலில் ஓடிப் பயிற்சி உண்டு. ஆகவே காலணி வேண்டாம் எனத் தீர்மானித்தார். தொழில் தெரிந்தவனின் தீர்மானம். நான்காண்டுகள் கழித்து டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி 2 மணி 12 நிமிடத்தில் மீண்டும் வென்றார். கழற்றவும் மாட்டவும் அவருக்கு உரிமை இருந்தது. 2010ஆம் ஆண்டு ரோம் மாரத்தானில் வென்ற சிராஜ் கெனா என்ற எத்தியோப்பியர், பிக்கிலாவின் நினைவாகக் கடைசிச் சில நூறு மீட்டரில் நின்று காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி முடித்தார். அதுவும் அவ்வாறே.

இச்சாலை இன்று இவ்வளவேனும் எஞ்சியிருப்பதற்கு ஒரு பத்திரிகையாளரும் காரணம். ரோமின் செல்வந்தர்கள் இருமருங்கிலும் கல்லறைகளை இடித்தும் வளைத்தும் மாளிகை கட்டத் தொடங்கியபோது, அன்டோனியோ செடெர்னா 1953இல் 'இல் மோந்தோ' இதழில் அவர்களைக் கொள்ளைக் கூட்டத்தார் என்றே பெயரிட்டு எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். 1988இல்தான் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட பூங்காவாயிற்று. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சாலை இடம்பெற்றது. செடெர்னா 1996இலேயே காலமாகிவிட்டார். ஓடும்போது இன்றும் இருபுறமும் உயர்ந்த இரும்புக் கதவுகளையும் குரைக்கும் நாய்களையும் காணலாம். அவர் முழுவதுமாக வென்றுவிடவில்லை.

பதினோரு கிலோமீட்டர் அளவில் நகரைச் சுற்றிவரும் வட்டச்சாலை குறுக்கிடுகிறது. ஒரு காலத்தில் அது அப்பியாவை இரண்டாக வெட்டிக்கொண்டு சென்றது. 2000ஆம் ஆண்டையொட்டிச் சுரங்கம் அமைத்து அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். மேலே புல்லும் கற்களும், அடியில் வாகனங்களின் முழக்கமும். 1960இல் ஓட்டக்காரர்கள் அந்த வட்டச்சாலையில் ஓடிவந்து இங்கேதான் அப்பியாவுக்குள் திரும்பினார்கள். அந்நேரம் முன்னணியில் இருவரே இருந்தனர். ரதி பென் அப்தெசலாம் என்ற மொராக்கோ வீரரே முக்கியப் போட்டியாளர், அவருடைய எண் 26 என்று பிக்கிலாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். ரதியோ மாரத்தானுக்குரிய எண்ணைப் பெற்றுக்கொள்ளாமல், முன்பு தமக்குத் தரப்பட்டிருந்த 185 என்ற எண்ணையே அணிந்து வந்துவிட்டார். பிக்கிலா எண் 26ஐத் தேடிக்கொண்டே, அவன் இன்னும் முன்னால் ஓடுகிறான் என்று நம்பிக்கொண்டே, தீப்பந்த வெளிச்சத்தில் இந்தக் கற்களின் மேல் ஓடினார். தேடியவன் தோளோடு தோளாகக் கூடவே வந்துகொண்டிருந்தான்.