கடல் சாயுது பாருங்க!

சென்னையில் ஞாயிறு விடிந்தால் காசிமேட்டுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, கூடையும் பையுமாக மீன் வாங்க வருகிற கூட்டம். இன்னொன்று, கழுத்தில் கேமராவோடு வருவது. ஐ.டி ஊழியர், பேங்க் அதிகாரி, கல்லூரி மாணவி எனப் பலரும் இதில் உண்டு. யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஆனாலும், அலாரம் நாலரைக்கே அடித்துவிடும்!

சூரியன் யாருக்காகவும் காத்திருக்காது. கடலுக்கு மேல் தலைகாட்டி, முழு வட்டமாக எழுந்து வர இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதற்குள் எடுத்தால் உண்டு.

பிறகு டீக்கடை. விசாரணை நடப்பது அங்கேதான். செல்போனும் கேமராவும் கைமாறும். "கடல் சாயுது பாருங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் தீர்ப்பு. அடிவானம் லேசாகக் கோணலானாலும் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும்போல இருக்கும். அடுத்தது, "வானம் வெளுத்துப்போச்சு." சூரியனுக்கு எதிரே நின்று எடுக்கும்போது, ஆளின் முகம் தெரிய வேண்டும் என்றால் வானம் வெளுக்கும், வானம் வேண்டும் என்றால் ஆள் கறுத்துப்போவார். "செம", "சூப்பர்" என்று மட்டும் சொல்லும் நண்பர்களிடம் இதெல்லாம் கிடைக்காது.

ஆனால், படத்துக்குள் இருப்பவர்களின் கதை இந்த விசாரணையில் அதிகம் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். அந்த வரிசையைப் படம்பிடித்தால், "கலர் பிரமாதம்" எனப் பாராட்டு குவியும். இத்தனை படகுகள் ஏன் கரையில் நிற்கின்றன, அந்த வீடுகளில் எப்படி உலை கொதிக்கிறது என்று கேட்பவர் குறைவு.

அப்படியொரு மே மாதத்தில், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த முதியவரைக் கல்லூரி மாணவி ஒருவர் படமெடுத்தார். கறுப்பு வெள்ளை. நெற்றியில் கோடுகோடாகச் சுருக்கம். டீக்கடையில் அன்றைக்கு அந்தப் படம்தான் ஹீரோ! ஒருவர் மட்டும், "அவர்கிட்ட கேட்டுட்டு எடுத்தியாம்மா?" என்றார். மாணவியிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு, படத்தை பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பெரியவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மூஞ்ச மட்டும் புட்ச்சிக்கினு போய்ட்ட? தெச்சது கையி. அது எங்க?"

டீக்கடையில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. படத்தின் கீழ் விளிம்பு, மணிக்கட்டுக்கு மேலேயே வெட்டப்பட்டிருந்தது.

"இன்னொரு தடவை எடுக்கட்டுமா தாத்தா?"

"இரு, இந்தக் கண்ணிய முட்ச்சிக்கிறேன்."

புதுப் படத்தில் விரல்கள் இருக்கின்றன, வலை ஊசி இருக்கிறது. பின்னால் கடல் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம். டீக்கடையில் சொன்னார்கள்.