மாலுமியின் சங்கம் எது?



"நாம் வாழும் நியூ டவுனைப் பற்றிச் சுவையாக ஒரு கட்டுரை எழுதித் தருக" என்று மன்ற இதழின் ஆசிரியர் கேட்டார். அகன்ற சாலைகளையும், கண்ணாடி மாளிகைகளையும், மாலை நேரத்து இகோ பார்க்கையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சில திங்களாக என் உள்ளத்தில் வேறொரு செய்தி குடிகொண்டுவிட்டது. நெல்வயலும் மீன்குட்டையுமாக இருந்த ராஜார்காட் மண்ணில் எழுந்த இந்நகரில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. எனினும், தூத்துக்குடியில் பிறந்து, துறைமுகத்துச் சங்கொலி கேட்டு வளர்ந்த நான், கப்பல் தொழிலாளரின் வாழ்வைப் பற்றி உண்மையாக அறிந்துகொண்டது இங்கேதான். அதனையே எழுதுகிறேன், ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் ஊர்க்காரர் ஒருவர் கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றுகிறார். அவருடைய அண்ணன் கப்பலில் மாலுமி. 'ஏ.பி.' என்று தொழிலில் வழங்கும் நிலை; சுக்கான் பிடிப்பவர், காவல் நிற்பவர், கயிறும் சங்கிலியும் கையாள்பவர். மறுபயிற்சி ஒன்றிற்காகக் கொல்கத்தா வந்தவர் தம்பி வீட்டில் தங்கினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே அழைத்தேன். இரவு உணவுக்குப்பின் மாடியில் நின்று பேசுவோம். அலையையும் புயலையும் பற்றிக் கேட்க ஆவலாயிருந்த என்னிடம் அவர் பேசியதெல்லாம் கணக்குச் சீட்டைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும்தான்.

அவருடைய கதை சுருக்கமானது. அவர் வேலை பார்த்த கப்பலின் உரிமையாளர் ஐரோப்பிய நாடொன்றைச் சேர்ந்தவர். கப்பலில் பறந்ததோ பனாமா நாட்டுக் கொடி. ஆள் எடுத்தவர் மும்பை முகவர். உடன் உழைத்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரேனியரும். இரண்டு திங்களுக்கு உரிய மிகைநேர ஊதியம் வரவில்லை. ஊரில் ஆண்டுதோறும் சந்தா கட்டிவந்த சிறு சங்கத்திற்கு எழுதினார். "உங்கள் கப்பலின் ஒப்பந்தம் எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தது. ஒப்பந்தம் செய்திருந்த வெளிநாட்டுச் சங்கத்திற்கு எழுதினார். "உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை; முகவரைக் கேளுங்கள்" என்றார்கள். முகவரோ "சங்கத்தைக் கேளுங்கள்" என்றார்!

"தம்பி, கப்பல்ல ஏறுத வரைக்கும் நமக்கு எந்தச் சங்கம்னு தெரியாது. சீட்டுல காசு பிடிச்ச பொறவுதான் தெரியும்" என்று அண்ணாச்சி சிரித்தார். அச்சிரிப்பு எனக்கு வலித்தது.

முடிவில், துறைமுகமொன்றில் சோதனைக்காகக் கப்பலில் ஏறிய அந்நாட்டு அதிகாரியிடம் முறையிட்டார். கப்பல் புறப்படுமுன் பணம் வந்தது. ஆனால் ஊர் திரும்பியபின் அடுத்த அழைப்பு வரப் பதினொரு திங்கள் ஆயிற்று. ஏன் என்று எவரும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள். பள்ளிக் கட்டணத்திற்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. ஒரு மனிதனுக்கு இரண்டு சங்கங்கள் இருந்தும், இடர் வந்தபோது ஒன்றுகூட இல்லை. இஃது எவ்வாறு நேர்கிறது? இக்கேள்வியே என்னை நூலகத்திற்கு இழுத்துச் சென்றது.

விடை தேடப் புகுந்தவனுக்கு முதலில் எதிர்ப்பட்டது இந்தக் கொல்கத்தாவின் பழைய வரலாறே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியுடன் ஹேஸ்டிங்ஸ் பகுதிக்குச் சென்று லஸ்கார் நினைவுச் சின்னத்தைக் கண்டேன். நாற்புறமும் கப்பலின் முகப்புப் போன்ற வடிவுடைய கோபுரம் அது. முதல் உலகப் போரில் மாண்ட, வங்கம், அசாம் முதலிய பகுதிகளின் மாலுமிகள் 896 பேரின் நினைவாக 1924இல் எழுப்பப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அதனைப் பார்த்திருக்கிறோம்? பிரின்செப் படித்துறையில் படகேறிப் படம் எடுத்துக்கொள்வோர், சற்றுத் தள்ளி நிற்கும் அக்கோபுரத்தை அறியாமலே திரும்புகிறார்கள்.

அம்மாலுமிகள் கப்பலில் வேலை பெற்றது எப்படி? தரகருக்கும், ஆள் கூட்டித் தரும் 'காட் செராங்' என்பவருக்கும் கையூட்டுக் கொடுத்துத்தான். வேலை வரும்வரை விடுதிக்காரனிடம் கடன். வேலை வந்ததும் கூலியில் பெரும் பகுதி அக்கடனுக்கு. 1922இல் கிளோ என்பார் தலைமையில் அமைந்த குழு இக்கொடுமையை ஆராய்ந்து, தரகர்களை நீக்கி வேலை வாய்ப்பு அலுவலகம் அமைக்க வேண்டும் என்று சொல்லிற்று. அரசின் அலுவலகங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் திறக்கப்பட்டதோ 1950களின் நடுவில்! ஒரு பரிந்துரை கரை சேர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் மாலுமிகளுக்குச் சங்கம் இல்லாமலில்லை. ஒன்றுக்குப் பதில் பல இருந்தன என்பதே துன்பம். துறைமுகம் தோறும் ஒரு சங்கம். தொழிற்பிரிவு தோறும் ஒரு சங்கம். கல்கத்தாவிலேயே இந்திய மாலுமிகள் சங்கம் ஒருபுறம். சுக்கான் பிடிப்போரின் சங்கம் மற்றொருபுறம். இப்பிரிவினை கப்பல் கம்பெனிகளுக்கு இனித்தது. "நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டாலே போதும்; ஒவ்வொரு சங்கமும் மற்றொன்றைச் சுட்டிக்காட்டும்.

சில்ஹெட்டில் பிறந்த அஃப்தாப் அலி இந்நிலையை மாற்ற முயன்றார். 1937இல் அகில இந்திய மாலுமிகள் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் பயன் இரண்டே ஆண்டில் தெரிந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், இங்கிலாந்துத் துறைமுகங்களிலும் பிற நாடுகளிலும் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தனர். குண்டு விழும் கடலில், வெள்ளை மாலுமி பெறுவதில் ஒரு சிறு பங்கைப் பெற்று உழைக்க அவர்கள் ஒப்பவில்லை. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். ஆயினும் ஊதியமும் போர்ப்படியும் உயர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இகழப்பட்டவர்கள், ஒன்றாக நின்றபோது உலகின் பெரிய கப்பல் கம்பெனிகளை இறங்கிவரச் செய்தனர்.

அப்படியானால், ஒரே சங்கம்தான் நன்மை, போட்டிச் சங்கம் தீமை என்று முடித்துவிடலாமா? நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அமெரிக்க வரலாறு என் எண்ணத்தை அசைத்தது. அங்கே 1937இல் ஜோசப் கரன் தலைமையில் தேசிய கடல்சார் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டே ஹாரி லுண்டபெர்க் தலைமையில் மாலுமிகளின் பன்னாட்டுச் சங்கம் எதிரே எழுந்தது. இரண்டும் பல ஆண்டுகள் கடும்பகை பாராட்டின. ஆனால் ஒரு சங்கம் ஊதிய உயர்வு பெற்றால், மற்றது அதைவிடச் சிறிதேனும் கூடுதலாகப் பெற்றாக வேண்டும். இல்லையேல் தன் உறுப்பினர் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே பகையிலும் பயன் விளைந்தது. பின்னர் அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல்கள் குறைந்தன, சங்கங்களும் மெலிந்தன. 2001இல் முன்னது பின்னதோடு இணைந்துவிட்டது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது. ஒரு பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதை விசையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் திசையும் முடிவு செய்கிறது. சங்கங்களின் போட்டியும் அத்தகையதே. தொழிலாளியின் ஆதரவைப் பெறப் போட்டியிட்டால் ஊதியம் மேலே செல்லும். முதலாளியின் கையெழுத்தைப் பெறப் போட்டியிட்டால் கீழே செல்லும். விசை ஒன்றே, திசைதான் வேறு.

இன்றைய கடலில் அத்திசை எது? உரிமையாளர்கள் பலர் தம் நாட்டுச் சட்டத்தையும் வரியையும் தவிர்க்கக் கப்பலைப் பனாமா, லைபீரியா போன்ற நாடுகளில் பதிவு செய்கிறார்கள். இதனை எதிர்த்து, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு 1948 முதல் இயக்கம் நடத்திவருகிறது. அதன் உழைப்பால் ஆயிரக்கணக்கான கப்பல்களில் ஊதிய ஒப்பந்தம் உண்டு. பல நாட்டு மாலுமிகள் உழைக்கும் ஒரு கப்பலுக்கு எந்த நாட்டுச் சங்கம் ஒப்பந்தம் செய்வது என்ற வழக்கு எழுந்தது. உரிமையாளர் நாட்டுச் சங்கமா? மாலுமிகளை அனுப்பும் நாட்டுச் சங்கமா? 1998இல் புதுதில்லி மாநாட்டிலும், 2010இல் மெக்சிகோ நகர மாநாட்டிலும் இதற்கு விதிகள் வகுத்தார்கள். உரிமையாளர் நாட்டுச் சங்கத்திற்கு முதன்மை என்பதும், அனுப்பும் நாட்டுச் சங்கத்திற்கும் பங்கு என்பதும் அவ்விதிகளின் சாரம். ஐரோப்பியச் சங்கம் ஊதியத்தை உயர்த்து என்னும். ஆசியச் சங்கம் மிக உயர்த்தினால் எம்மவர்க்கு வேலை போகும் என்னும். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் இவ்விதிகள் எல்லாம் சங்கத்திற்கும் சங்கத்திற்கும் இடையே எழுதப்பட்டவை. மாலுமி அங்கே வாக்களிக்கவில்லை.

மேலும், ஒப்பந்தம் செய்த சங்கத்திற்குச் சந்தாவும் நலநிதியும் கப்பலின் வழியாக வருகின்றன. ஒரு கப்பல் கைக்கு வந்தால் இருபது பேரின் பணம் வரும். இருபது பேரைத் தனித்தனியே கண்டு பேச வேண்டியதில்லை. நேர்மையான சங்கங்கள் அப்பணத்தால் மருத்துவமும் பயிற்சியும் தருகின்றன என்பதை மறுக்கலாகாது. ஆனால் உரிமையாளர் கையெழுத்தே போதும் என்ற நிலையில், "எம்மிடம் வருக, நாம் மென்மையாக நடப்போம்" என்று சொல்லும் சங்கமும் தோன்றக் கூடும் அன்றோ?

நம் நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களில் நிலை சற்று மேல். மும்பையில் தலைமையிடம் கொண்ட இந்தியத் தேசியக் கடலோடிகள் சங்கமும், கொல்கத்தாவின் ஃபார்வர்டு சீமென்ஸ் யூனியனும் தேசிய கடல்சார் வாரியம் என்னும் ஒரே மேசையில் கப்பல் உரிமையாளர் சங்கத்தோடு பேசுகின்றன. அதிகாரிகளுக்கு 1939இல் தோன்றிய தனிச் சங்கம் உண்டு. கரையில் உள்ள தொழிற்சாலைக்கோ, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: நூற்றுக்கு 51 பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே தனியாகப் பேசும் உரிமையுடையது, அவ்வாறு ஒன்றும் இல்லையெனில் 20 பேருக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து பேச வேண்டும். குறைகள் இருக்கலாம், ஆனால் அக்கணக்கில் தொழிலாளியின் தலை எண்ணப்படுகிறது. பனாமாக் கொடியின் கீழே அந்தத் தலையை எண்ணுவார் யார்?

எண்ண முடியாது என்று சொல்வோர் உளர். மாலுமி ஆறு அல்லது ஒன்பது திங்களில் கப்பல் மாறுகிறான். ஒருவன் கொச்சியில், ஒருவன் மணிலாவில். வாக்கெடுப்பு எங்கே நடத்துவது என்பர். ஒவ்வோர் இந்தியக் கடலோடிக்கும் அரசு தந்த தனி எண் இருக்கிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. விருப்பம் இருந்தால் வழி இருக்கும். அதுவரையில் ஒன்றேனும் செய்யலாம். 2013இல் நடைமுறைக்கு வந்து, 2015இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை கேட்க மாலுமிக்கு உரிமை தருகிறது. கூட்டு ஒப்பந்தத்தின் படி கப்பலில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உம் சங்கம் எது, பிடித்தம் எவ்வளவு, இடர் வந்தால் யாருக்கு எழுதுவது என்ற மூன்று வரிகளை அவனவன் தாய்மொழியில் முதல் பக்கத்தில் அச்சிட்டுத் தந்தால் யாருக்கு என்ன இழப்பு?

இது சிலரின் சிக்கல் என்று ஒதுக்குவதற்கில்லை. 2021இல் எடுத்த கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 18 இலட்சத்து 90 ஆயிரம் கடலோடிகள். 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் ஊதியமும் உணவும் இன்றிக் கைவிடப்பட்டதாக அப்பன்னாட்டுக் கூட்டமைப்பு கணக்கிட்டது. நாடுவாரியாகப் பார்த்தால் அவர்களில் இந்தியரே மற்ற எந்நாட்டவரையும்விட மிகுதி. நாம் விடுதியில் உண்ணும் பருப்பும் எண்ணெயும், ஆய்வகத்தில் தொடும் கருவிகளும் அவர்கள் கைப்பட்டே வருகின்றன.

நம் மன்றத்தில் பலர் நெய்தல் நிலத்துப் பிள்ளைகள். தூத்துக்குடியிலும் குமரியிலும் நாகையிலும் நம் அண்ணன் தம்பியர் இன்றும் சி.டி.சி. புத்தகத்தோடு முகவர் வாயிலில் நிற்கிறார்கள். ஆங்கில ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கப்பலேறப் போகும் ஒருவரோடு அரைமணி நேரம் அமர்ந்து அந்தத் தாள்களைப் படித்துச் சொல்வோம். "உங்கள் சங்கம் எது, அண்ணாச்சி?" என்று அவர் கரையில் நிற்கும்போதே கேட்போம். கேள்வி பலமுறை கேட்கப்பட்டால், விடை சொல்லும் கடமை சங்கங்களுக்கும் வந்தே தீரும்.