கரண்டும் இல்லை, கட்டையும் இல்லை

என் வயதுக்காரர்களிடம் ரேடியோ என்று பேச்செடுத்தால் மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று பெயர்களை அடுக்குவார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு வால்வு சூடேறும் வரை காத்திருந்த கதையைச் சொல்வார்கள். அதற்கும் ஒரு தலைமுறை மூத்தது கிரிஸ்டல் செட். அதில் வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. கரண்ட் வேண்டாம், பேட்டரிக் கட்டையும் வேண்டாம். ஒரு கம்பிச் சுருள், ஒரு கண்டன்சர், ஒரு டயோடு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன், கரண்ட் இல்லாமல் பேசுகிற சாமானைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான்.

"அப்படியானால் அது எதில்தான் ஓடுகிறது?" என்று கேட்காதவர் இல்லை. அது வானொலி நிலையத்தின் கரண்டில் ஓடுகிறது. நிலையத்துக்காரர்கள் கிலோவாட் கணக்கில் மின்சாரத்தை அலையாக மாற்றி நாலா திசையிலும் இறைக்கிறார்கள். அதில் ஒரு துளி நம் வீட்டு ஏரியல் கம்பியில் விழுகிறது. ஹெட்போனுக்குள் இருக்கிற மெல்லிய தகட்டை அசைக்க அந்தத் துளியே போதும். அந்த அசைவைப் பேச்சென்று புரிந்துகொள்கிற மனுஷக் காதைத்தான் மெச்ச வேண்டும்.

ஏரியலில் ஒரு நிலையம் மட்டும் விழுவதில்லை, எல்லாம் கலந்துதான் விழும். வேண்டியதைப் பிரித்தெடுப்பது சுருளும் கண்டன்சரும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரமாக ஆடும், தாளம் தப்பித் தள்ளினால் பெரிய ஆள் தள்ளியும் ஆடாது. திருச்சி மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 9,36,000 ஆட்டம். கண்டன்சரைத் திருகித் திருகி நம் சுருளின் தாளத்தை அதற்குக் கொண்டுவந்துவிட்டால் திருச்சி மட்டும் பெரிதாக ஆடும், மற்றதெல்லாம் அடங்கிவிடும்.

அப்போதும் காதில் ஒன்றும் கேட்காது. வினாடிக்கு ஒன்பது லட்சம் முறை தள்ளியும் இழுத்தும் விட்டால் தகடு எந்தப் பக்கம் போகும்? இருந்த இடத்திலேயே நிற்கும். இங்கேதான் டயோடு வருகிறது. நம் பக்கத்துக் கிணறுகளில் பம்புசெட் குழாயின் அடியில் ஃபுட்வால்வு மாட்டுகிறோமே, தண்ணீரை மேலே விடும், கீழே திரும்ப விடாது. டயோடு மின்சாரத்துக்கு ஃபுட்வால்வு. இழுப்பை நிறுத்தித் தள்ளலை மட்டும் விடும். அலையின் மேல் ஏற்றி அனுப்பிய குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படியே அந்தத் தள்ளலும் கூடிக் குறையும். தகடு அதற்கு ஆடும். குரல் கேட்கும்.

டயோடு கடைக்கு வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது ஒரு கல். கலீனா என்று பெயர். ஈயமும் கந்தகமும் சேர்ந்த, பளபளவென்று கருநிறக் கல். அதன்மேல் ஊசி போன்ற மெல்லிய கம்பியைத் தொடவைப்பார்கள். அந்தக் கம்பிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் பூனை மீசை. இப்படிப்பட்ட கற்களில் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் சுலபமாகப் போகிறது என்று 1874-ல் ஜெர்மனியில் பிரௌன் கண்டார். அதை அலை பிடிக்கிற கருவியாக்கி 1901-ல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். உரிமை 1904-ல் கிடைத்தது. ரேடியோ என்றால் மார்க்கோனி என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க வைத்தார்களே என்று எனக்கு இன்னமும் ஓர் ஆதங்கம் உண்டு.

நம் மாகாணத்தில் ரேடியோ வந்தது 1924-ல். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் என்று தொடங்கி, அந்த ஜூலைக் கடைசியில் ஒலிபரப்பும் செய்தார்கள். பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடிவிட்டது. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சி பெற்று 1930-லிருந்து தானே நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்துச் சனங்களுக்குக் கேட்க வைத்தது. பிறகு அகில இந்திய வானொலி, சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் வந்தது. திருநெல்வேலிக்குக்கூட 1963-ல் வந்துவிட்டது. சங்கம் வைத்த மதுரைக்கு 1987 வரை நிலையம் இல்லை! அதனால் மதுரைப் பையன்களுக்குக் கிரிஸ்டல் செட் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சிம்மக்கல்லில் இருந்த என் அத்தை மகன் செய்த செட்டில் 'உஸ்' என்ற சத்தத்தைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கம். திருச்சி ஐம்பது மைல் சொச்சம்தான். அது ஒன்றுதான் எங்களுக்கு அதிர்ஷ்டம். 1965-ல் எனக்குப் பதிமூன்று வயது. ஊருக்குக் கரண்ட் வரவில்லை. பஞ்சாயத்து ரேடியோ சாவடியில் இருந்தது, பேட்டரியில் ஓடும். சாயங்காலம் ஆம்பளைகள் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். பொம்பளைகள் தண்ணிக்குடத்தோடு அந்தப் பக்கம் கடந்து போவதோடு சரி.

எங்கள் அறிவியல் வாத்தியார் கலீனாத் துண்டு ஒன்றை டப்பாவில் வைத்திருந்தார். பூனை மீசையை அதன்மேல் நகர்த்தி நகர்த்தி வைப்பார். ஓர் இடத்தில் கேட்கும், மயிரிழை தள்ளினால் போய்விடும். மேசையில் யாராவது கை வைத்தாலே போய்விடும். "இதோட மல்லுக்கட்டாதே, டயோடு வாங்கிப் போடு" என்று அவரே சொல்லிவிட்டார். மதுரைக்குப் போன அப்பாவைக் கெஞ்சி, டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் ஓஏ79 என்கிற ஜெர்மானியம் டயோடு வாங்கிவரச் செய்தேன். பட்டாளத்துக் கழிவுச் சாமானில் வந்த ஹெட்போன் பழைய சாமான் சந்தையில் மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது. நாலாயிரம் ஓம். ஓம் கூடக் கூட நல்லது. கொஞ்சக் கரண்டில் வேலை செய்ய உள்ளே சுற்று நிறைய வேண்டும். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கெஞ்சி வாங்கிய இனாமல் கம்பியை, இரண்டு அங்குல அட்டைக் குழாயில் எண்பது சுற்று சுற்றினேன். ஒரு சுற்று மேல் ஒரு சுற்று ஏறக்கூடாது. ஏறினால் அப்பத்தாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பிரித்துச் சுற்றுவேன்.

செட்டைவிட ஏரியலும் எர்த்தும்தான் முக்கியம். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் கிரிஸ்டல் செட் பேசாது என்பார்கள். வேப்பமரத்திலிருந்து தென்னைக்கு நூறடிக் கம்பி, இரண்டு முனையிலும் உடைந்த பீங்கான் குப்பியின் கழுத்து. எர்த்துக்குத் துணி துவைக்கிற கல்லுக்கு அருகில், எப்போதும் ஈரம் நிற்கிற இடத்தில், பழைய கடப்பாரையை அடித்து இறக்கி உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடினேன். மழை இருட்டினால் ஏரியலைக் கழற்றி நேரே கடப்பாரையில் மாட்டிவிட வேண்டும் என்று வாத்தியார் சத்தியம் வாங்கியிருந்தார், இடி பயம்.

ஆவணி மாதம் செட் பேசியது. பகலில் கொசு ரீங்காரம் மாதிரி, பொழுது சாய்ந்தால் கொஞ்சம் தெளிவாக. அடுத்த சில நாளில் சண்டை வந்துவிட்டது.

என் சித்தப்பா மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். எங்கே இருக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கடிதாசியில் ராணுவத் தபால் நம்பர்தான் இருக்கும். செப்டம்பர் 6-ம் தேதி நம் படை லாகூர்ப் பக்கம் எல்லையைத் தாண்டியது. அன்றிலிருந்து அப்பத்தா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பெரியப்பா சாவடியில் செய்தி கேட்டுவிட்டு வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆத்தா, நம்மாளுக செயிக்கிறாய்ங்க" என்பார். தினமும் அதே வார்த்தை. நாலாம் நாள் அப்பத்தா என்னிடம் வந்தாள்.

"அப்பு, அந்தக் காதுல மாட்டுறத எனக்குக் குடு. ஒங்க பெரியப்பன் எனக்குன்னு சமைச்சுக் கொண்டாந்து சொல்றான். நானே கேக்குறேன்."

அவள் காதில் தண்டட்டி. அதன்மேல் ஹெட்போனை மாட்ட முடியாது. மாட்டினால் தண்டட்டி இடித்துக் 'டங் டங்' என்று அதுதான் கேட்கும். ஹெட்போனின் வளையத்தைக் கழற்றி இரண்டு காதையும் தனித்தனியாக்கினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. தண்டட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் காதோடு அழுத்திக்கொள்வாள். அரிக்கேன் விளக்கைச் சின்னதாக்கிவிட்டு, மாட்டைத் தூரக் கட்டிவிட்டு, ராத்திரிச் செய்திக்கு உட்காருவோம். மூச்சுச் சத்தம்கூட இடைஞ்சல். அப்பத்தா எழுத்தறியாதவள், ஆனால் பத்து நாளில் ஊர்ப் பெயரெல்லாம் அவளுக்குப் பாடம். சியால்கோட்டை அவள் 'சாலக்கோட்டை' என்பாள், ஏதோ சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் மாதிரி. பக்கத்து வீட்டுப் பொம்பளைகளும் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தம்பியும் பட்டாளத்தில். காது இரண்டுதான். ஒன்றை வெண்கலக் கும்பாவில் போட்டால் கும்பா கொஞ்சம் பேசும். நாலு தலை அதன்மேல் கவிந்திருக்கும்.

செய்தியில் சிப்பாய் பெயரெல்லாம் வராது என்று நான் சொல்லியிருந்தேன். "தெரியும்டா" என்றாள். "எங்குட்டு அடிக்கிறாய்ங்கன்னு தெரிஞ்சா, அங்குட்டு பாத்துக் கும்பிடலாம்ல."

பகலில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். தந்திக்காரராக இருக்கக் கூடாதே என்று.

செப்டம்பர் 23-ம் தேதி போர் நிறுத்தம். அன்று ராத்திரிச் செய்தியில் கேட்டதும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். காதை எடுக்கவில்லை. செய்தி முடிந்து வேறு நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது, அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "நிறுத்திட்டாகன்னுதான சொன்னாக? உனக்கும் அப்படித்தான கேட்டுச்சு?" என்றாள். இரண்டு காதிலும் ஒரே செய்திதான் வரும் என்று நான் சொன்னதை அவள் நம்பினாளா, தெரியாது. சித்தப்பாவின் கடிதாசி ஐப்பசியில் வந்தது. அதுவரைக்கும் அவள் ஒருநாளும் செய்தியை விடவில்லை.

அடுத்த வருஷம் சித்தப்பா லீவில் வந்தபோது டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். தெருவே கூடிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே வயலுக்குச் செய்தி, பாட்டு, நாடகம் எல்லாம். அப்பா விவசாய நிகழ்ச்சியை விடமாட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்ததெல்லாம் திருச்சி நிலையத்தின் கைங்கரியம்தான். அப்பத்தா மட்டும் டிரான்சிஸ்டரை அவ்வளவாக விரும்பவில்லை. "ஊருக்கே கத்துது" என்பாள். பொழுது போகாத ராத்திரிகளில் பழைய காதை எடுத்து வைத்துக்கொள்வாள். 1971-ல் இறந்துபோனாள், அந்த வருஷக் கடைசியில் அடுத்த சண்டை வருவதற்கு முன்பே.

1987-ல் மதுரை நிலையம் வந்ததும், அப்போது பத்து வயதாக இருந்த என் மகளுக்காக மறுபடி ஒரு செட் செய்தேன். 1269 கிலோஹெர்ட்ஸ். நூறடி ஏரியல் வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கம்பியில் பத்தடி வயரைக் கட்டினாலே போதும், கும்பாவில் போட்ட காது அறை முழுக்கக் கேட்டது. நிலையம் பக்கத்தில் இருந்தால் கிரிஸ்டல் செட் எப்படிப் பேசும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இப்போது யாராவது பேரன் பேத்திக்குச் செய்து கொடுக்க நினைத்தால் இரண்டு மூன்று விஷயம். மிக்சி ரிப்பேரில் கிடைக்கிற சிலிக்கான் டயோடு ஆகாது. அது திறக்க அரை வோல்ட்டுக்கு மேல் கேட்கும், நமக்கு விழுகிற துளியில் அவ்வளவு இருக்காது. ஜெர்மானியம் கால் வோல்ட்டில் திறந்துவிடும், 1என்34 என்று கேளுங்கள். செல்போன் ஹெட்போன் 32 ஓம்தான், நேரே மாட்டினால் ஊமை; நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் வேண்டும். எப்எம் நிலையங்களுக்கு இது ஒத்துவராது. அதில் குரல் அலையின் உயரத்தில் இல்லை, ஆட்டத்தின் வேகத்தில் இருக்கிறது. நம் ஃபுட்வால்வுக்கு அது தெரியாது. மத்திய அலை வேண்டும். நாடு முழுக்க மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள், ஆகையால் செய்வதென்றால் சீக்கிரம் செய்துவிடுங்கள். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், அவை போடுகிற இரைச்சல் அந்தக் காலத்தில் இல்லை.

பட்டாளத்து ஹெட்போன் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு காதில் சுருள் அறுந்துபோயிருக்கிறது. இன்னொன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஓம் காட்டுகிறது.